கூஜாவுக்கு ஓட்டு இல்லை

அன்புள்ள குமாருக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இங்கே நல்ல சாரல். தபால்காரர் குடையை மடக்காமலே ஜன்னல் வழியாக நீட்ட, உங்கப்பாதான் வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். தப்பு கண்ணாடியில் இல்லை என்று தெரிந்ததும் என் கையில் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்தெரு செல்லம்மாளின் மகள் செண்பகத்தைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாய். 'குடும்பத்தில் எல்லாரும் கலந்து பேசி நல்ல முடிவாகச் சொல்லுங்கள்' என்று எழுதியிருக்கிறாய். ஆசைப்பட்டதில் தப்பில்லை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு எங்களை எல்லாரையும் கலந்து பேசச் சொன்னாயே, அதுவும் குற்றாலத்தில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிற ஆடி மாதத்தில், அதுதான் தப்பு. சீசன் நேரத்தில் நம் வீட்டில் 'எல்லாரும்' என்றால் யார் யார் என்று உனக்கு மறந்தே போய்விட்டதா?

பேசினோம். என்ன முடிவு என்பதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் குழாய் விவகாரத்தை ஒருமுறை சொல்லியாக வேண்டும். நீயும் கூடவே இருந்து பார்த்ததுதான். ஆனால் அதில் நீ செய்த காரியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இந்த வெள்ளிக்கிழமைதான் விளங்கியது. மூன்று வருஷமாக உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, உன் காதைப் பிடித்துத் திருகவும் தோன்றுகிறது.

பல வருஷம் தனி அலுவலர் கையிலேயே கிடந்த நம் பஞ்சாயத்துக்கு எண்பத்தாறில்தான் மறுபடி தேர்தல் வந்தது. உங்கப்பாவுக்கு நிற்க ஆசை. அரசாங்கப் பள்ளிக்கூடத்து கிளார்க் தேர்தலில் நிற்க முடியாது. "நீ சும்மா பேருக்கு நில்லு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நின்றேன், ஜெயித்தும்விட்டேன். அதற்குப் பிறகு யாராவது வாசலில் வந்து "மெம்பர் இருக்காகளா?" என்று கேட்டால் இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்து போவார். நான் அடுப்படியில் இருந்தபடி, "இருக்கேன், உள்ள வாங்க" என்பேன். பாவம், போட்ட பொத்தானை அவர் ஒவ்வொன்றாகக் கழற்றுகிற அழகைப் பார்க்க வேண்டுமே. 'சும்மா பேருக்கு நில்லு' என்று பெண்டாட்டியிடம் நீ ஒருநாளும் சொல்லாதே. நின்று பார்த்தபிறகு அவளுக்கு அது பிடித்துப்போய்விடும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு தண்ணீர்க் கஷ்டம் என்றால் வெளியூர்க்காரன் சிரிப்பான். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அருவி. உலகமே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறது. பின்தெருக்காரர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் வாய்க்காலுக்குத்தான் போக வேண்டும். நம் முன்தெருவில் முக்கால்வாசி வீடுகளில் கிணறு உண்டு. நம் வீட்டுக் கிணறு மட்டும் சித்திரையில் வற்றும், மழை பெய்தால் செம்மண்ணாகக் கலங்கும். இந்த நிலைமையில் நம் வார்டுக்கு ஒரே ஒரு தெருக்குழாய் வந்தது. "எங்கன வைக்கணும்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்கம்மா" என்றார் பஞ்சாயத்து நிர்வாக அதிகாரி. உங்கப்பாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. முன்தெரு முனையில், நம் வாசலுக்கு எதிரே இருக்கிற மின்கம்பத்தடியில்தான் வைக்க வேண்டும். செல்லம்மாளுக்கும் சந்தேகமில்லை. பின்தெருப் பூவரச மரத்தடியில்தான் வைக்க வேண்டும். ஓட்டுக் கேட்கப் போனபோதே அவள் என்னிடம், "ஜெயிச்சபெறவு எங்களையும் ஒரு வார்த்தை கேப்பிகளா, இல்ல நீங்களே முடிவு பண்ணிருவிகளா?" என்று கேட்டிருந்தாள். "ஒங்களக் கேக்காம ஒரு கல்லுகூட நட மாட்டேன்" என்று சொல்லியிருந்தேன். குழாய் தருகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. கேட்பேன் என்று மட்டும்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே.

வார்டில் எல்லாரையும் கூட்டி, பேசி முடிவு செய்வோம் என்று சொன்னேன். என்றைக்குக் கூட்டம் என்று கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று எல்லாரும் ஒரே மனதாக ஒத்துக்கொண்டார்கள். அந்த விவகாரம் முழுவதிலும் எல்லாரும் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். 'எல்லாரும்' என்றால் அன்றைக்கு நம் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த முன்தெருக்காரர்கள். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் பின்தெருவில் ஈ காக்கைகூட இருக்காது என்று அங்கே ஒருவர் தலையிலும் ஏறவில்லை, என் தலையையும் சேர்த்துத்தான். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், லாட்ஜில் விரிப்புத் துவைக்கிறவர்கள், பஜ்ஜி போடுகிறவர்கள், மங்குஸ்தான் விற்கிறவர்கள் என்று பின்தெரு மொத்தமும் அன்றைக்குக் குற்றாலத்தில் இருக்கும். வருஷத்துக்கு அவர்கள் சம்பாதிப்பதே அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தானே.

முன்தெருவில் அன்றைக்கு ஆள் குறையுமா? வீட்டுக்கு வீடு விருந்தாளி. மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, எங்கிருந்தெல்லாமோ. நம் வீட்டில் வழக்கம்போல உன் மதுரை மாமா. அத்தையைக் கட்டியவர், ரிட்டயர் ஆன ஹெட்கிளார்க், தம் கூஜா இல்லாமல் எங்கும் போகாதவர். காலையில் ஐந்தருவியில் குளித்து, மத்தியானம் செங்கோட்டை பரோட்டாவை ஒரு கை பார்த்துவிட்டு, சாயங்காலம் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் கூட்டம் என்ற வார்த்தை விழுந்தது. நாங்கள் ஜமுக்காளத்தை விரித்து முடிப்பதற்குள் நாற்காலியில் தலைவராக உட்கார்ந்திருந்தார். "அவையின் அனுமதியோடு தொடங்குகிறேன்" என்றார். அவை முழுக்க எண்ணெய்க் குளியல் வாசனை. யாரோ தீர்மானத்தை முன்மொழிந்தார்கள், யாரோ வழிமொழிந்தார்கள். வழிமொழிந்தவர் தூத்துக்குடிக்காரர். எந்தக் குழாய், எந்தத் தெரு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான்.

கை தூக்குகிற நேரத்தில் செல்லம்மாள் வந்தாள். லாட்ஜ் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள், சேலையெல்லாம் ஈரம். கூட நாலைந்து பெண்கள். முன்தெருவுக்கு யார் யார் என்று மாமா கேட்டதும் பந்தலில் புடலங்காய் தொங்குகிற மாதிரி எங்கு பார்த்தாலும் கை. நீ இரண்டு கையையும் தூக்கியிருந்தாய். உனக்கு அதில் நியாயம் இருந்தது. பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்கிறவரைக்கும் நம் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தது நீதானே, பக்கத்தில் குழாய் வந்தால் உனக்கு நல்லது. செல்லம்மாள் அத்தனை கையையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "இதுல பாதிப் பேரு முகத்த நான் இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள். மாமா மேஜையைத் தட்டினார். "தனிநபர் விமர்சனம் கூடாதும்மா" என்றார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வாசலில் சத்தம். கதவைத் திறந்தால் செல்லம்மாள், பக்கத்தில் வரிசையாக வெறுங்குடங்கள். "கோவிச்சுக்கிட்டு வரல மெம்பரம்மா. கை தூக்குனவுகளுக்கெல்லாம் கை இருக்குல்லா. ஆளுக்கொரு குடம் எடுத்து வாய்க்காலுக்கு வரச் சொல்லுங்க. குழாய் வார வரைக்கும் சுமக்கட்டும், அதுக்கப்புறம் எங்கன வேணும்னு சொல்லட்டும்" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. உள்ளே மாமாவின் குறட்டை கேட்டது.

நேரே நிர்வாக அதிகாரியிடம் போனேன். அவர் நல்ல மனுஷன். "உங்க கூட்டத்துக்குச் சட்டத்துல இடமே கெடையாதும்மா. நீங்க எந்தத் தெருன்னு எழுதிக் குடுக்கீங்களோ அதுதான்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்ப என்ன, கூட்டம் சொன்னதையே எழுதிக் குடு" என்றார் உங்கப்பா. எனக்கோ பேசாமல் பின்தெரு என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்ததில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். எனக்குப் பிடித்த முடிவு வந்தால் கூட்டம், பிடிக்காத முடிவு வந்தால் மெம்பர் என்றால், அப்புறம் கூட்டத்தை எதற்குக் கூட்டினேன்? சும்மா ஜமுக்காளத்தை உதறி வெயில் காட்டவா? எந்தத் தெரு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யாரைக் கேட்க வேண்டுமோ அவர்களைக் கேட்கவில்லை, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். நாம் எடுக்கிற முடிவு தப்பாகப் போகலாமடா குமார், அதைத் திருத்திக்கொள்ளலாம். கேட்க வேண்டியவர்களை விட்டுவிட்டு எடுத்த முடிவு சரியாகவே இருந்தாலும் வாழ்நாள் முழுக்க உறுத்தும்.

வழி சொன்னதும் குடங்கள்தான். வாசலில் செல்லம்மாள் வைத்துவிட்டுப் போன குடங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது தோன்றியது. நம் பக்கம் எந்தக் குழாயடியிலும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வரலாம். குடம் நிற்கிறது என்றால் ஆள் நிற்கிற மாதிரி. எவ்வளவு பெரிய சண்டைக்காரியும் அடுத்தவள் குடத்தை நகர்த்த மாட்டாள். ஆகவே செவ்வாய்க்கிழமை, குற்றாலத்துக்கு முதல் பஸ் போவதற்கு முன்னால், ஓர் அடுப்புக்கு ஒரு குடம். முன்தெருவில் வேண்டுமென்றால் மின்கம்பத்தடியில் வையுங்கள், பின்தெருவில் வேண்டுமென்றால் பூவரசடியில் வையுங்கள். இரண்டு தெருவுக்கும் வீடு வீடாகப் போய் நானே சொன்னேன். இந்தத் தடவை பின்தெருவுக்கு முதலில் போனேன்.

அந்தக் காலை உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்குச் சாகும்வரைக்கும் இருக்கும். பித்தளைக் குடம், சில்வர் குடம், பிளாஸ்டிக் குடம், எல்லாம் சாரலில் நனைந்துகொண்டு நின்றன. பின்தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வைத்துவிட்டார்கள். ஆச்சரியம் முன்தெருவில்தான். கிணறு வைத்திருக்கிற பெண்கள் சிலர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பூவரசடிக்கு நடக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தியின் கையைப் பிடித்து, "எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு" என்றேன். "மனசு என்னத்த மெம்பரம்மா, விடிகாலம் குழாயடிச் சண்டை என் வாசல்ல நடக்க வேண்டாம்னு பாத்தேன்" என்றாள். இருக்கட்டுமே. பொதுநன்மை எந்தச் சந்து வழியாக வந்தால் என்ன.

அப்போதுதான் மாமா வந்தார். நெற்றியில் விபூதி, கையில் கூஜா. அதைக் கொண்டுபோய் மின்கம்பத்தடியில் குடங்களோடு குடமாக வைத்தார். "நானும் இந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிறவன்தான். எனக்கும் உரிமை உண்டு" என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது. வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே, நானா எடுக்கச் சொல்வது? செல்லம்மாள்தான் பணிவாகச் சொன்னாள். "அண்ணாச்சி, ஒங்க அடுப்பு மதுரையிலல்லா எரியுது. அங்கன குழாய் வைக்கும்போது நீங்க தாராளமா கொண்டு வைங்க. நாங்க யாரும் வந்து கை தூக்க மாட்டோம்." மாமா ஹெட்கிளார்க் அல்லவா, நியாயம் பிடிபட்டதும் கூஜாவை எடுத்துக்கொண்டார். மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆட்சேபணை ஏற்கப்பட்டது" என்றார்.

அப்புறம் எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம். நம் வீட்டுக் குடம் மட்டும் பாக்கி. உங்கப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டு மின்கம்பத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டார். நான் வழியில் நின்றேன். "குடம் வைக்கது யாரு, சுமக்கது யாரு? குமாரக் கேளுங்க" என்றேன். உனக்கு எதிரே மின்கம்பம், அங்கிருந்து நம் வாசற்படி நாலு எட்டு. முந்தாநாள்தான் இரண்டு கையையும் தூக்கியவன் நீ. அப்பா கையிலிருந்து குடத்தை வாங்கினாய், யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று போய் பூவரசடியில் வைத்தாய். நான் பெற்ற பிள்ளை, தன் கஷ்டத்தைப் பார்க்காமல் ஊருக்காக யோசிக்கிறான் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் தேங்காய்கூட உடைத்தேன்.

உன் கடிதத்தைப் படித்தபிறகுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்தப் பூவரசடியில் குடங்களுக்குக் காவலாக நின்றது யார்? டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிற அவசரத்தில், ரெட்டைச் சடையோடு, செண்பகம். குழாய் வந்தபிறகு உனக்கு வேலை கிடைக்கிறவரைக்கும் ஒருநாள் முணுமுணுக்காமல் பின்தெருவுக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தாய். சில நாள் தொட்டி நிறைந்த பிறகும் போனாய். 'எம் பையனுக்கு எவ்வளவு சுத்தம்' என்று அதற்கும் பெருமைப்பட்டேன். அந்தத் தேங்காயைத் திருப்பித் தா, குமார்.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லாரும் கலந்து பேசினோம். மாமா தலைமை. அத்தை, அத்தையின் ஓரகத்தி, அவள் அண்ணன், எல்லாரும் தலையில் எண்ணெயோடு உட்கார்ந்து, பின்தெருச் சம்பந்தம் நமக்குச் சரிப்படாது என்று ஒரே மனதாகச் சொன்னார்கள். கடைசியில் உங்கப்பா "நாலு பேர் என்ன சொல்லுவாக?" என்றார். அந்த நாலு பேர் யார் என்று நான் சுற்றிப் பார்த்தேன். சரியாக நாலு பேர், நாலு பேரும் சீசனுக்கு வந்தவர்கள். நான் எழுந்து, "பஜ்ஜி ஆறுது, சாப்பிடுங்க. உங்க அபிப்பிராயத்தைக் கேட்டுக்கிட்டேன், அண்ணே. ஆனா இங்க அடுப்பு எரிக்கிறவங்க வேற" என்றேன். மாமா என்னைப் பார்த்தார், மூலையில் இருந்த கூஜாவைப் பார்த்தார், பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு பூவரசடிக்குப் போனேன். செல்லம்மாள் வரிசையில் நின்றாள், அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். எனக்குச் சம்மதம், பூரண சம்மதம் என்றும் சொன்னேன். அவள் உடனே சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன் பார், அங்கேதான் நான் இன்னும் முன்தெருக்காரியாகவே இருக்கிறேன். "ஒங்க வீட்டுல பேசிட்டிய. எங்க வீட்டுலயும் பேசணும்லா. மொதல்ல அவளக் கேளுங்க" என்று குழாயடியைக் காட்டினாள். செண்பகம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது லாட்ஜ் ஆபீஸில் டைப் அடிக்கிறாள், ரெட்டைச் சடை போய்விட்டது. கேட்டேன். "ஒங்க வீட்டுல எல்லாருகிட்டயும் கேட்டு எழுதியிருக்காக. மதுரை மாமாகிட்டக்கூட கேட்டாச்சு" என்றாள். "எங்கிட்ட மட்டும் இன்னும் கேக்கல." குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. பின்னால் நின்றவர்கள் ஒருத்தர்கூடச் சத்தம் போடவில்லை.

ஏலே, உனக்குக் கொஞ்சமாவது மூளை இருக்கிறதா? குழாயடியில் மாதக்கணக்காக அவளோடு பேசியிருக்கிறாய், அதைக் கேட்கவில்லையா? மெம்பர் மகன் செய்கிற காரியமா இது? அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அதை நான் எழுத மாட்டேன். அது உன்னிடம் சொல்ல அவள் வைத்திருப்பது.

அப்பாவைப் பற்றித்தானே கவலைப்பட்டுக்கொண்டிருப்பாய்? இன்றைக்குக் காலையில் எழுந்து பார்த்தால் அடுப்படியில் குடத்தைக் காணோம். அவரையும் காணோம். தேடிக்கொண்டு போனேன். பூவரசடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பெண்களுக்கு நடுவில் நிற்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் எடுத்தறியாத மனுஷர். என்னைக் கண்டதும், "என்ன பாக்க? எம் முறை இன்னும் வரல" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. சாரல் பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஆகையால் சீசன் முடிந்து, விருந்தாளிகள் எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்ததும் லீவு போட்டுவிட்டு வா. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அவளுக்கு லாட்ஜில் வேலை இருக்கும். வந்ததும் வராததுமாகக் கூடத்தில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பிக்காதே. குடத்தைப் புளி போட்டு விளக்கி வாசலில் வைத்திருப்பேன். எடுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போ. உன் முறை வருகிறவரைக்கும் வரிசையில் நில். வந்ததும் அவளைக் கேள்.

உன் அம்மா